வி.பி.-330 வோகோடர் பிளஸ்: புதிதாக வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரோலண்ட் நிறுவனம் 1979இல் வெளியிட்ட வி.பி.-330 வோகோடர் பிளஸ் என்னும் கீபோர்டில் நான்கு ஸ்தாயிக்குரிய 49 கட்டைகளும் மூன்றே மூன்று ஒலிகளும் உள்ளன. ஒன்று வயலின் குழுவை நினைவூட்டும் ஸ்டிரிங்ஸ். மற்றொன்று ஹியூமன் வாய்ஸ் என்று முகப்பில் குறிக்கப்பட்டிருக்கும் சேர்ந்திசைக் குரல். மூன்றாவது, மைக்கில் நாம் பேசுவதைக் கட்டைகளின் சுருதியில் ஒலிக்கவைக்கும் வோகோடர். ஒலிகளைச் சேமித்துவைக்கும் நினைவகம் இதில் இல்லை. கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவில்தான் ஒலிக்கும். மிடி இணைப்பு (ஒரு கருவியை மற்றொன்றோடோ கணினியோடோ இணைக்கும் முறை) என்பது 1983இல்தான் கருவிகளுக்கு வந்தது என்பதால் அதுவும் கிடையாது. இவ்வளவு குறைவான வசதிகளை வைத்துக்கொண்டு வாஞ்செலிஸ், லாரி ஆண்டர்சன் போன்ற கலைஞர்கள் கேட்டவுடன் அடையாளம் காணத்தக்க ஒலியுலகங்களைப் படைத்தார்கள் என்றால், அதற்குக் காரணம் இந்தக் கருவியின் வேலையில் பாதியை வாசிப்பவரின் விரலும் வாயும் செய்கின்றன என்பதே.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக மைக்கை எடுத்துப் பேசத் தொடங்கி, சொற்கள் தெளிவில்லாமல் குழம்புவதைக் கேட்டுச் சோர்ந்துபோகிறார்கள். ஸ்டிரிங்ஸில் தொடங்கி, குரலுக்குச் சென்று, இறுதியில் வோகோடருக்கு வருவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்த மூன்றும் தனித்தனிக் கருவிகள் அல்ல. ஒரே ஊற்றிலிருந்து பிரியும் மூன்று வாய்க்கால்கள். ஊற்றின் தன்மை பிடிபட்டுவிட்டால் வோகோடர் தரும் சிக்கல்களில் பாதி தாமாகவே விலகிவிடும்.

ஒரே ஊற்று

கருவிக்குள் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடும் ஒரு மூல அதிர்வி இருக்கிறது. அதை வெவ்வேறு எண்களால் வகுத்து உச்ச ஸ்தாயிக்குரிய 12 ஸ்வரங்களைப் பெறுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் மீண்டும் மீண்டும் இரண்டால் வகுத்துக் கீழ் ஸ்தாயிகளைப் பெறுகிறார்கள். 440 ஹெர்ட்ஸை இரண்டால் வகுத்தால் 220. அதையும் வகுத்தால் 110. எலெக்ட்ரானிக் ஆர்கன்களிலிருந்தும், 1970களின் ஸ்டிரிங்ஸ் கீபோர்டுகளிலிருந்தும் வந்த முறை இது. இதனால் நமக்கு விளையும் பயன்கள் மூன்று. எல்லாக் கட்டைகளையும் ஒருசேர அழுத்தினாலும் எல்லாமே ஒலிக்கும். ஒரு ஸ்வரம் மட்டும் சுருதி விலகிப் போவதில்லை. விலகினால் கருவி முழுவதும் ஒன்றாகவே விலகும். சுருதியை மெல்ல அசைக்கும் விப்ராட்டோவும், அதைக் கீழிருந்தோ மேலிருந்தோ வழுக்கிக் கொண்டுவரும் பிட்ச் ஷிஃப்ட் வசதியும் அழுத்தப்பட்ட எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே அசைக்கும்.

இரண்டால் வகுத்துப் பெறும் ஸ்வரங்களுக்கு ஒரு குறையும் உண்டு. உண்மையான வயலின் குழுவில் ஒருவரும் மற்றவரோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போவதில்லை. அந்தச் சிறு முரண்தான் கூட்டிசையின் உயிர். இங்கோ ஸ்தாயிகள் ஒன்றோடொன்று இம்மியும் பிசகாமல் பூட்டப்பட்டிருப்பதால் ஒலி ஆர்கனைப் போல விறைத்து நிற்கும். அதை இளக்குவதற்காகவே என்செம்பிள் என்னும் சுற்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒலியைச் சில மில்லிசெகண்டுகள் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தைத் தொடர்ந்து கூட்டியும் குறைத்தும் மூல ஒலியைப் பல குரல்களாகத் தோன்றச் செய்வது இதன் வேலை. தீயணைக்க மக்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றுவதைப் போல, மின்னூட்டத்தை ஒரு சிறு கொள்கலத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போகும் சில்லுகள் இதற்குப் பயன்படுகின்றன. இந்த முறை 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவானது. வி.பி.-330இன் அழகில் பெரும்பங்கு இந்தச் சுற்றுக்கே உரியது என்று நான் நம்புகிறேன். என்செம்பிளை ஒருமுறை நிறுத்திவிட்டும் ஒருமுறை இயக்கியும் ஒரே கார்டை (ஒருசேர ஒலிக்கும் சில ஸ்வரங்களை) கேட்டுப் பாருங்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய கருவி என்பதால் முதல் வேலை அதன் பின்புறத்தைப் பார்ப்பது. ஜப்பானில் விற்பதற்காகச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டுக்கு உரியவை. பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டவை வேறு மின்னழுத்தங்களுக்கு உரியவை. பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதும் உங்கள் சுவரில் வருவதும் ஒன்றாக இல்லையென்றால், தகுந்த மின்மாற்றி இல்லாமல் பிளக்கைச் செருகக் கூடாது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கருவியாக இருந்தால், மின்வழங்கிப் பகுதியில் உள்ள மின்தேக்கிகள் உலர்ந்துபோயிருக்க வாய்ப்பு உண்டு. பழைய கருவிகளில் பழக்கமுள்ள ஒருவரிடம் காட்டிய பிறகு இயக்குவது நல்லது. பிளக் செருகிய நிலையில் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

இயக்கியவுடன் அவசரப்படாமல் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்லைடரையும் முனையிலிருந்து முனைவரை சிலமுறை நகர்த்துங்கள். கரகரப்பு இருந்தால் அது தூசு, பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும்.

அடுத்து, ஸ்டிரிங்ஸை மட்டும் இயக்கிக்கொண்டு 49 கட்டைகளையும் ஒவ்வொன்றாக வாசித்துச் செல்லுங்கள். இந்தச் சோதனையின் முடிவைப் படிப்பதற்கு மேலே சொன்ன ஊற்றின் கதை உதவும். ஒரு ஸ்வரம் எல்லா ஸ்தாயிகளிலும் ஊமையாக இருந்தால் பழுது ஊற்றின் உச்சியில், அந்த ஸ்வரத்தைப் பிறப்பிக்கும் இடத்தில் இருக்கிறது. மேலே ஒலித்துக் கீழே ஒலிக்காவிட்டால் பழுது இரண்டால் வகுக்கும் படிகளில் ஒன்றில். ஒரே ஒரு கட்டை மட்டும் சில வேளை ஒலித்துச் சில வேளை ஒலிக்காவிட்டால் அது பெரும்பாலும் கட்டையின் அடியில் உள்ள தொடுமுனை அழுக்கடைந்திருப்பதே. முதல் இரண்டும் சில்லுகளைத் தேடவேண்டிய வேலை, மூன்றாவது எளியது. பழைய கருவி ஒன்றை வாங்கும் எண்ணத்தோடு பார்க்கப் போகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்கவே கூடாது.

என்செம்பிளிலும் காதைத் தீட்டிக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் இயல்பானது. அலைவு ஒழுங்கில்லாமல் திக்கித் திக்கி வந்தாலும், ஒலி கிழிந்தாற்போல் கேட்டாலும் சுற்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஸ்டிரிங்ஸ்

அட்டாக்கை (ஒலி எழ எடுக்கும் நேரம்) குறைவாகவும், ரிலீஸை (கட்டையை விட்டபின் ஒலி மறைய எடுக்கும் நேரம்) நடுவிலும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசியுங்கள். பின்னர் அட்டாக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் ஒலி வில்லை இழுப்பதுபோல் மெல்ல எழும். பாட்டின் வேகத்துக்கு இது பொருந்த வேண்டும். அட்டாக் அதிகமாகி, கார்டு முழுமையாக எழுவதற்குள் அடுத்த கார்டுக்கு நகர வேண்டியிருந்தால் இசை எப்போதும் தாளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். ரிலீஸ் அதிகமானாலும் இதே போன்ற தொல்லைதான்: முந்தைய கார்டின் வால் அடுத்த கார்டின்மேல் படியும். ஸ்வரங்கள் ஒத்துப்போகும் இடங்களில் அது அழகு, ஒத்துப்போகாத இடங்களில் சேறு.

அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறாது என்றேனே, அப்படியானால் ஏற்ற இறக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? விரல்களின் எண்ணிக்கையால். இரண்டு கட்டைகளைவிட நான்கு கட்டைகள் உரக்க ஒலிக்கும் என்பதால், ஒரு வரியை இரண்டு ஸ்வரங்களோடு தொடங்கி, எழுச்சி வேண்டிய இடத்தில் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து, பின்னர் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். குழுவில் வயலின்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதைப் போலவே இது கேட்கும். வால்யூம் பெடல் ஒன்றைக் கருவிக்குப் பின் இணைத்துக்கொண்டால் பாதமும் இந்த வேலையில் பங்கெடுக்கும். இடக்கை விரல்களை நெருக்கி வைக்காதீர்கள். கீழ் ஸ்தாயியில் ஸ்வரமும் அதன் பஞ்சமமும் போதும். மூன்றாம் ஸ்வரத்தை வலக்கைக்கு விட்டுவிட்டால் ஒலி தெளிந்துவிடும். ஒரு வாரம் இதை மட்டும் வாசித்தாலும் அது வீணாகாது.

சேர்ந்திசைக் குரல்

ஹியூமன் வாய்ஸ் பகுதியில் ஆண் குரல், பெண் குரல் என்ற தேர்வுகளோடு 8 அடி, 4 அடி என்ற குறிப்புகளைக் காண்பீர்கள். தேவாலயங்களில் உள்ள குழாய் ஆர்கனிலிருந்து வந்த வழக்கு இது. 8 அடி என்றால் கட்டைக்குரிய இயல்பான சுருதி. குழாயின் நீளம் பாதியாகி 4 அடியானால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறும். கீபோர்டின் கீழ்ப்பாதிக்கும் மேற்பாதிக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம் என்பதால், ஆண்கள் கீழேயும் பெண்கள் மேலேயும் பாடும் ஒரு குழுவை இரு கைகளால் நடத்த முடியும்.

மனிதர் எந்தச் சுருதியில் 'ஆ' என்று பாடினாலும் அது 'ஆ' என்றே கேட்பதற்குக் காரணம், தொண்டையும் வாயும் அமைக்கும் அறை சில குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் ஓங்கச் செய்வது. சுருதி மாறினாலும் அந்த ஓங்கல்கள் இடம் மாறுவதில்லை. கருவியில் அசையாத ஃபில்டர்கள் சில இதே வேலையைச் செய்கின்றன. எல்லா ஸ்வரங்களும் அந்தப் பொதுவான ஃபில்டர்களின் வழியேதான் செல்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வாய் இல்லை, குழு முழுவதற்கும் ஒரே வாய். இந்த உயிரெழுத்து நம்பும்படி ஒலிக்கும் எல்லைக்குள் வாசிப்பதே முக்கியம். உண்மையான பாடகர் எட்ட முடியாத உயரத்தில் வாசித்தால் குரல் விசிலாகிவிடும்.

மனிதரைப் போல மூச்சுவிடவும் வேண்டும். கருவி களைக்காது என்பதற்காக ஒரு கார்டை நிமிடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தால் குரல் என்ற மயக்கம் கலைந்துவிடும். வரியின் முடிவில் கைகளைத் தூக்குங்கள். நீங்களே மனதுக்குள் பாடிக்கொண்டு, உங்களுக்கு மூச்சு முட்டும் இடத்தில் கையை எடுப்பது நான் கண்ட எளிய பயிற்சி. விப்ராட்டோவைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கும்படி அமைத்தால், பாடகர் நீண்ட ஸ்வரத்தின் இறுதியில் குரலை அசைப்பதுபோல் ஒலிக்கும்.

வோகோடர்: வாயும் கையும் சேர்தல்

வோகோடர் இசைக்காகப் பிறந்ததல்ல. பேச்சைக் குறைந்த அலைவரிசை இடத்தில் அடக்கித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் நோக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி 1930களில் இதை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் இரகசிய உரையாடல்களை மறைத்து அனுப்பவும் இது பயன்பட்டது. இசைக்கலைஞர்களின் கைக்கு வந்தது பின்னர்தான்.

வி.பி.-330 உங்கள் பேச்சை 10 அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் அந்தக் கணத்தில் எவ்வளவு வலு இருக்கிறது என்று அளந்து, கட்டைகளிலிருந்து வரும் ஒலியின் அதே பட்டையை அதே அளவுக்குத் திறந்துவிடுகிறது. உங்கள் குரல் வெளியே வருவதில்லை. குரலின் வடிவம் மட்டுமே கட்டைகளின் ஒலிக்கு அணிவிக்கப்படுகிறது. ஆகவே கட்டையை அழுத்தாமல் பேசினால் வோகோடரிலிருந்து எதுவும் வராது, பேசாமல் கட்டையை அழுத்தினாலும் எதுவும் வராது. முதல்முறை இதைச் சந்திப்பவர்கள் கருவி பழுதென்று எண்ணுவது வழக்கம். நீங்கள் எந்தச் சுருதியில் பேசுகிறீர்கள் என்பதும் ஒரு பொருட்டல்ல என்பதால் பாடத் தெரியாதவருக்கும் இது பாட்டைத் தரும்.

மைக்கைச் சரியாக அமைப்பதில் தொடங்குங்கள். மேடையில் பயன்படும் சாதாரண டைனமிக் மைக் போதும். அதை வாயிலிருந்து நான்கைந்து விரற்கடை தூரத்தில் பிடியுங்கள். தூரமானால் அறையின் எதிரொலியும் மின்விசிறியின் சத்தமும் உள்ளே புகுந்து, நீங்கள் வாய்மூடியிருக்கும்போதும் பட்டைகளைத் திறந்துவைத்துக்கொண்டேயிருக்கும். உரக்கப் பேசும்போதும் ஒலி கிழியாத அளவுக்கு மைக் அளவை உயர்த்துங்கள். ஒலிபெருக்கி அருகில் இருந்தால் அதன் ஒலியும் மைக்கில் நுழைந்து சொற்களை அழித்துவிடும் என்பதால் பயிற்சிக்கு ஹெட்ஃபோனே சிறந்தது. மைக்குக்கும் கருவிக்கும் இடையே ஒரு கம்ப்ரஸர் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவி) வைக்க முடிந்தால் மெல்லிய எழுத்துகளும் சீராக உள்ளே செல்லும். எதிரொலி தரும் எதையும் அந்த இடத்தில் வைக்கக் கூடாது.

எந்தக் கட்டைகளை அழுத்துவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 110 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றின் மேற்சுரங்கள் (அதனோடு சேர்ந்தே ஒலிக்கும், அதன் மடங்குகளான உயர் அதிர்வெண்கள்) 220, 330, 440 என்று நெருக்கமாக அமைந்திருக்கும். 880 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கோ 1760, 2640 என்று வெகுதூரம் தள்ளித் தள்ளி அமைந்திருக்கும். சொற்களின் தெளிவு பெரிதும் தங்கியிருக்கும் 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை எடுத்துக்கொண்டால், முதல் ஸ்வரத்துக்கு அங்கே 18 மேற்சுரங்கள் இருக்கின்றன. இரண்டாவதற்கு இரண்டே இரண்டு. பேச்சு ஒரு பட்டையைத் திறந்தாலும், அதன் வழியே போவதற்கு அங்கே ஒலியே இல்லாவிட்டால் சொல் எப்படிக் கேட்கும்? எனவே சொல் புரியவேண்டும் என்றால் கீழ்ப்பாதியில் ஒரு ஸ்வரத்தையாவது பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ ஸ்வரங்களை விரித்து வாசியுங்கள். உயரத்தில் மட்டும் வாசித்தால் உயிரெழுத்துகளின் சாயல் கிடைக்கும், சொற்கள் கிடைக்கமாட்டா; சில பாட்டுகளுக்கு அதுவே பொருந்தும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கையும் வாயும் எந்த வரிசையில் இயங்க வேண்டும் என்பது அடுத்தது. சொல்லுக்குச் சற்று முன்பே கட்டைகளை அழுத்தி, சொல் முடிந்த பிறகே விடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால் முதல் மெய்யெழுத்து பறிபோகும்: 'காற்று' என்பது 'ஆற்று' ஆகிவிடும். தாளத்தை வாயிடம் ஒப்படைத்துவிட்டுக் கை நிதானமாக நகர்வதே நல்லது. கார்டு மாறும் இடத்தைச் சொல்லின் தொடக்க அசையோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

தமிழில் பேசிப் பழகுகிறவர்களுக்கு நம் எழுத்துப் பகுப்பே ஒரு பாடத்திட்டமாக அமைந்துவிடுகிறது. முதலில் ஆ, ஈ, ஊ, ஏ, ஓ என்ற நெட்டுயிர்களை ஒரே கார்டின்மேல் மெல்ல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லுங்கள். வாயின் வடிவம் மாறுவது அப்படியே ஒலியில் தெரியும். அடுத்து இடையினத்தின் ய, வ இரண்டையும் உயிரோடு சேர்த்து 'வா', 'யா', 'வே', 'யோ' என்று சொல்லுங்கள். இவை ஒலியை வெட்டாமல் வளைத்துச் செல்வதால் வோகோடரில் இவற்றைப் போல அழகாக ஒலிப்பவை வேறில்லை. மூன்றாவதாக வல்லினம். க, ட, த, ப ஆகியவை அடைப்பும் வெடிப்புமாக அமைந்தவை. சாதாரணப் பேச்சில் நாம் மென்மையாக விட்டுவிடுவதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், இரட்டித்து வரும் 'பட்டு', 'பத்து', 'பக்கம்' போன்ற சொற்கள் இந்தப் பயிற்சிக்கு ஏற்றவை. மெல்லினம்தான் கடினம். 'மனம்', 'மணம்' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ல, ள, ழ வேறுபாடும் 10 பட்டைகளுக்குள் மங்கிப்போகும். ஆகவே பாட்டுக்கு வரி எழுதும்போதே, பொருள் இந்த எழுத்துகளின் நுண்ணிய வேறுபாட்டைச் சார்ந்திராத சொற்களாகத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. 'ஸ', 'ஷ' போன்ற சீறும் ஒலிகள் வலுவிழந்து வந்தால், மைக்கின் நேரடி ஒலியைத் தனியே பதிவுசெய்து, அதில் உயர் அதிர்வெண்களை மட்டும் மிகக் குறைந்த அளவில் கலந்தால் சொல் மீண்டும் துலங்கும்.

மெல்லிய ரகசியக் குரலிலும் ஒருமுறை முயன்று பாருங்கள். ரகசியக் குரலில் சுருதி இல்லை, ஆனால் வாயின் வடிவம் முழுமையாக இருக்கிறது; சுருதியைக் கட்டைகள் தந்துவிடுவதால் வேறெங்கும் கேட்டிராத ஒரு பாட்டு பிறக்கும்.

மூன்றையும் சேர்க்கும்போது

எல்லாவற்றையும் ஒருசேர இயக்கி வாசிக்கும் ஆசை இயல்பானது, ஆனால் ஸ்டிரிங்ஸ் அதே ஸ்வரங்களை அதே ஊற்றிலிருந்து எடுப்பதால் சொற்களை எளிதில் மூடிவிடும். வோகோடரைக் கீழ்ப்பாதிக்கும் ஸ்டிரிங்ஸை மேற்பாதிக்கும் ஒதுக்கி, இடக்கை பேச, வலக்கை அதற்கு மேலே ஒற்றை ஸ்வரமாகப் பாடட்டும். சேர்ந்திசைக் குரலை வரிகளுக்கு இடையிலான மௌனத்தில் கொண்டுவந்தால், பேசியவர் நிறுத்திய இடத்தில் குழு தொடர்வதுபோல் அமையும். பதிவில் இன்னொரு கோரஸ் விளைவைச் சேர்க்க வேண்டாம், என்செம்பிள் அந்த வேலையை முன்பே செய்துவிட்டது. வரிகளுக்கிடையே கேட்கும் இரைச்சலை, அந்த இடங்களில் ஒலியளவைக் கைப்படக் குறைத்து நீக்குங்கள். இரைச்சல்நீக்கி மென்பொருள்கள் ரிலீஸின் வாலையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன.

மூலக் கருவி கிடைக்காதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ரோலண்ட் நிறுவனமே 2016இல் வி.பி.-03 என்ற சிறிய டிஜிட்டல் வடிவத்தை வெளியிட்டது. பெரிங்கர் நிறுவனம் 2019இல் வி.சி.340 என்ற பெயரில் அனலாக் சுற்றுகளோடு 37 கட்டைகள் கொண்ட கருவியைக் கொண்டுவந்தது. இரண்டிலும் மிடி உண்டு. பகுதிகளின் அமைப்பும் மூலத்தை ஒட்டியே இருப்பதால் மேலே சொன்ன பயிற்சிகள் அப்படியே பொருந்தும். 37 கட்டைகளில் கீழ்ப்பாதிக்கும் மேற்பாதிக்கும் இடம் குறுகிவிடும் என்பது மட்டுமே வேறுபாடு, அதற்கேற்ப இடக்கையை இரண்டு ஸ்வரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூலக் கருவி உங்களிடம் இருந்தால், வாசிக்காத நாட்களில் துணியால் மூடி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது இயக்கி, ஸ்லைடர்களை முனையிலிருந்து முனைவரை நகர்த்தி, 49 கட்டைகளையும் ஒருமுறை தொட்டுவிட்டு அணைத்துவையுங்கள்.